போரிற் சூழ்ச்சியும் வஞ்சனையும்: 1803 ஆம் ஆண்டு வன்னிப் போரை முன்வைத்து ஒரு நோக்கு

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டானை அடுத்துள்ளது கற்சிலைமடு என்னும் ஊர். 1803 ஆம் ஆண்டு ஒக்டோபர் 31 ஆம் நாள், இவ்விடத்தின் அயலிலே பண்டாரவன்னியனைக் கப்டன் வொன் டிரிபேர்க் தோற்கடித்தான் என்னும் பொருள்படப் பொறிக்கப்பட்ட கல்லொன்று அவ்வூரில் நாட்டப்பட்டது. வென்றவர் பக்கத்தார் நாட்டிய கல்லாதலின், அது தோல்வியை மட்டுமே கூறிற்று. தோல்வி எவ்வாறு நிகழ்ந்தது என்பதைக் கூறவில்லை. அவ்வினாவுக்கு விடையளித்தது மக்கள் வழக்கு. பண்டாரவன்னியன் வீரத்தில் தோற்கவில்லை, காக்கைவன்னியன் என்பானாற் காட்டிக்கொடுக்கப்பட்டான் என்பதே அவ்விடை. நாட்டார் கதையிலும் நாடக மேடையிலும் அவ்விடையே நிலைபெற்றது.

இவ்விடை பொருந்துமா என்பதை ஆராயுமுன் வேறொன்று தெளிவாதல் வேண்டும். போரிலே பகைவனை ஏமாற்றும் செயல்கள் யாவும் ஒரு தன்மையனவல்ல. பகைவன் கண்ணை வேறு திசைக்கு ஈர்த்தல் ஒன்று; கொடுத்த வாக்கை நம்பியவனைக் கொல்லுதல் பிறிதொன்று; உடனிருந்தோன் பகைவனுக்கு வழிகாட்டுதல் இன்னுமொன்று; ஏமாற்றுவோர் எவருமின்றித் தானே அயர்ந்திருந்து அகப்படுதல் மற்றொன்று. முதலாவதைச் சூழ்ச்சி என்றும், இரண்டாவதை வஞ்சனை என்றும், மூன்றாவதைக் காட்டிக்கொடுத்தல் என்றும், நான்காவதைச் சோர்வு என்றும் இக்கட்டுரை வழங்குகின்றது. இந்நான்கையும் ஒன்றெனக் கொள்வோர் தம் வெற்றியின் காரணத்தையும் அறியார். தோல்வியின் காரணத்தையும் அறியார்.

முன்னோர் கண்ட போர்நெறி

பழந்தமிழர் போர் என்றாற் பறையறைந்து, நாட் குறித்து, நேருக்குநேர் நின்று பொருதலே எனக் கருதுவோர் உளர். தொல்காப்பியப் புறத்திணையியல் அக்கருத்துக்கு முற்றும் இடந்தரவில்லை. புறத்திணைகளுள் முதற்கண் வைக்கப்பட்டது வெட்சி. வேந்தனால் ஏவப்பெற்ற வீரர் பகைப்புலத்து ஆநிரைகளைக் களவினாற் கவர்ந்து வந்து பேணுதலே அத்திணையின் இலக்கணம். பகைவரின் ஒற்றர் அறியாவண்ணம் செல்லுதலும், தம் ஒற்றரால் மாற்றார் நிலையை அறிதலும் அதன் துறைகளாகக் கூறப்படுகின்றன. எனவே மறைவும் ஒற்றும் போரின் தொடக்கத்திலேயே நிற்பன என்பதை இலக்கண நூலார் உணர்ந்திருந்தனர் என்க.

திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். காலமறிதலின் தொடக்கத்திற் காக்கையையும் கூகையையும் உவமை காட்டி, வலியானும் தனக்கு ஒவ்வாத பொழுதில் மெலியான் ஆதலை உணர்த்தினார். ஒற்றாடலுக்கும் தனியதிகாரம் வகுத்தார். ஈண்டு மிகவும் கருதத்தக்கது பொச்சாவாமை என்னும் அதிகாரமாகும். அளவிறந்த சினத்திலும், உவகை மிகுதியாற் பிறக்கும் மறதி தீது என்பது அதன் முதற் கருத்து. பகைவன் செய்யும் சூழ்ச்சியினும் தன் நெஞ்சிற் பிறக்கும் சோர்வையே அவர் பெரிதும் அஞ்சினார் போலும்.

கௌடிலியரின் அர்த்தசாத்திரம் போரைப் பிரகாச யுத்தம், கூட யுத்தம், தூஷ்ணீம் யுத்தம் என மூவகைப்படுத்தும். இடமும் காலமும் அறிவித்துச் செய்வது முதலாவது. ஓரிடத்தில் அச்சுறுத்திப் பிறிதோரிடத்தில் தாக்குதல், பகைவன் சோர்ந்த வேளையில் வீழ்தல் முதலியன இரண்டாவதன்பாற்படும். மறைமுகமான ஆட்களைக் கொண்டு பகைவர் பக்கத்தாரைப் பிரித்தலும் அழித்தலும் மூன்றாவதாம். வலிமையும் நிலமும் காலமும் தனக்கு வாய்த்திருப்பின் வெளிப்படையாகவே பொருக, அன்றேற் கூட யுத்தம் செய்க என்பது அந்நூலாரின் கொள்கை. ஆகவே சூழ்ச்சி பெரும்பாலும் மெலியோனின் படைக்கலம் என்பது பெறப்படும்.

சூழ்ச்சி பலிக்கும் வகை

பஞ்சதந்திரத்திலே காகங்களுக்கும் கூகைகளுக்கும் நிகழ்ந்த பகையைக் கூறும் பகுதி இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. காக வேந்தனின் முதிய அமைச்சன், தன் அரசனாலேயே தாக்கப்பட்டுத் துரத்தப்பட்டவன் போலக் குருதி படிந்து கிடந்தான். கூகை வேந்தன் அவனுக்கு அடைக்கலம் அளித்தான். அமைச்சர்களுள் ஒருவன் மட்டும், இவன் பகைவன், இவனை நம்பற்க என்று எச்சரித்தான். ஏனையோர் மறுத்துரைக்கவே, எச்சரித்தவன் தன் சுற்றத்தோடு அவ்விடம் விட்டு நீங்கினான். அடைக்கலம் புகுந்த காகமோ கூடு கட்டுவது போலச் சுள்ளிகளைச் சிறுகச் சிறுகக் குகை வாயிலிற் சேர்த்து, கூகைகளுக்குக் கண் தெரியாத பகற்பொழுதிலே தன் இனத்தை அழைத்துத் தீயிட்டது.

இக்கதையிலே சூழ்ச்சியின் உறுப்புக்கள் மூன்றும் அமைந்துள்ளன. உண்மையை மறைத்தல் ஒன்று. பொய்யைக் காட்டுதல் ஒன்று. மூன்றாவதும் தலையாயதும் யாதெனில், பகைவன் முன்னரே நம்ப விரும்பியதைக் காட்டுதல். காகங்கள் தம்முட் பிளவுபட்டுவிட்டன என்று கேட்பதிற் கூகை வேந்தனுக்கு விருப்பம் இருந்தது. அவ்விருப்பமே குருதியைச் சான்றாக ஏற்றுக்கொண்டது. சூழ்ச்சி செய்வோன் புதிய நம்பிக்கையை உண்டாக்குவதில்லை. பகைவன் உள்ளத்தில் ஏலவே உள்ள நம்பிக்கைக்குச் சான்றுகளை வழங்குகின்றான். தான் காட்டிய பொய்யைப் பகைவன் ஏற்றானா என்பதை அறிதற்கு அவனுக்கும் நல்ல ஒற்று வேண்டும். அஃதின்றேல் வீசிய வலையிற் சிக்கியது மீனா கல்லா என்பதை அவன் அறியான்.

இவ்வுண்மையை இருபதாம் நூற்றாண்டின் பெரும் போரொன்று தெளிவுறக் காட்டும். 1945 இன் தொடக்கத்திற் பர்மாவில் யப்பானியத் தளபதி கிமுரா, ஐராவதி ஆற்றின் பின்னே படையை நிறுத்தி மண்டலையைக் காத்து நின்றான். பகைவர் மண்டலை நோக்கியே வருவர் என்பது அவன் துணிபு. பிரித்தானியத் தளபதி சிலிம் அத்துணிபை மாற்ற முயலவில்லை, அதனை வளர்த்தான். ஒரு படைப்பிரிவை மண்டலைக்கு வடக்கே ஆற்றைக் கடக்கச் செய்தான். நாலாம் படைத்தொகுதியை மேற்கேயுள்ள கங்கோ பள்ளத்தாக்கின் காட்டுவழியே மறைவாகத் தெற்கு நோக்கி நடத்தினான். அத்தொகுதி பழைய இடத்திலேயே இருப்பதாகத் தோன்றும்படி, தாமு என்னும் இடத்திற் பொய்யான தலைமையகம் ஒன்றை அமைத்து, வானொலிச் செய்திகள் அங்கிருந்தே இடையறாது செல்லுமாறு செய்தான். பெப்ரவரி நடுப்பகுதியில் 7 ஆம் இந்தியப் படைப்பிரிவு நியோங்கு என்னுமிடத்தில் ஆற்றைக் கடந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் யப்பானியரின் வழங்கல் நடுநிலையமான மெய்க்திலா வீழ்ந்தது. கிமுராவின் கண்கள் குருடாகவில்லை. அவை மண்டலையை நோக்கியிருந்தன, அவ்வளவே.

1803: வெறுமையான தலைநகர்

இனி வன்னிக்கு வருமுன், அதே ஆண்டிற் கண்டியில் நிகழ்ந்தவற்றைக் காணுதல் இன்றியமையாதது. முல்லைத்தீவு நிகழ்ச்சி கண்டிப் போரின் ஒரு கிளையேயாம்.

ஒல்லாந்தரிடமிருந்து இலங்கைக் கரையோரங்களை 1796 இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். தேசாதிபதி நோர்த் காலத்தில், 1803 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர்கள் கண்டி இராச்சியத்தின்மீது படையெடுத்தனர். கொழும்பிலிருந்து மக்டோவலும் திருக்கோணமலையிலிருந்து பார்பட்டும் இரு படைகளை நடத்திச் சென்றனர். பெப்ரவரி மாதத்தில் அவர்கள் தலைநகருட் புகுந்தபோது அது வெறிச்சோடிக் கிடந்தது. மன்னன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கனும் மக்களும் நீங்கியிருந்தனர், ஒருபகுதி எரிந்துகொண்டிருந்தது. வெற்றி பெற்றதாகவே ஆங்கிலேயர் கருதினர். முத்துசாமி என்பானை அரியணையில் ஏற்றினர். ஆயினும் அவனுக்கு அடிபணிய எவரும் வந்திலர்.

அந்நிலையில் முதலமைச்சனான பிலிமத்தலாவை ஆங்கிலேயருக்கு நட்புடையான் போலச் செய்தி விடுத்தான். மன்னன் ஹங்குராங்கெத்தவில் இருக்கின்றான், படை அனுப்பின் பிடித்துவிடலாம் என்பது அதன் கருத்து. மார்ச் மாதத்தில் ஆங்கிலேயரின் இரு பிரிவுகள் மலைவழியே சென்றன. வழியெங்கும் மறைந்திருந்தோர் அவர்களைச் சுட்டனர். சென்று சேர்ந்தபோது அரண்மனை வெறுமையாயிருந்தது. அதற்குத் தீவைத்து வெறுங்கையுடன் அவர்கள் மீண்டனர். மன்னனைப் பிடித்தாற் போர் முடிந்துவிடும் என்னும் ஆங்கிலேயரின் ஆசையே ஈண்டுத் தூண்டில் இரையாயிற்று.

வெறுமையான நகர் அவர்களுக்குச் சிறையாயிற்று. காய்ச்சல் படையை வாட்டியது. உணவு வரும் வழிகள் தடைப்பட்டன. பெரும்பகுதிப் படையோடு மக்டோவல் கொழும்புக்கு மீண்டபின், எஞ்சிய சிறு காவற்படைக்கு மேஜர் டேவி தலைவனானான். யூன் 24 ஆம் நாட் கண்டியர் தாக்கவே, திருக்கோணமலைக்குத் தீங்கின்றிச் செல்லலாம் என்னும் உறுதியைப் பெற்று டேவி நகரை ஒப்படைத்தான்.

இதுவரை நிகழ்ந்தவற்றைச் சூழ்ச்சி எனலாம். இதன்பின் நிகழ்ந்தது வேறு. வட்டாபுளுவவில் மகாவலி பெருக்கெடுத்தோட, கடத்தற்கு ஓடமின்றி நின்ற படையிடம் முத்துசாமி கேட்கப்பட்டான். அவனை ஒப்படைத்தால் ஓடமும் வழியும் கிடைக்கும் எனப்பட்டது. டேவி தன்னை நம்பி வந்தவனை ஒப்படைத்தான், முத்துசாமி கொல்லப்பட்டான். பின்னர் ஆயுதங்களைக் கீழே வைத்த ஐரோப்பிய வீரருட் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். கண்டியில் நோயாளராய்க் கிடந்தோரும் தப்பவில்லை. ஒருபுறம் அடைக்கலத்தைக் கைவிட்ட வஞ்சனை. மறுபுறம் கொடுத்த உறுதியைக் குலைத்த வஞ்சனை. வெறுமையான நகரைக் கண்டோர் கண்டியரின் அறிவை வியப்பர். வட்டாபுளுவவைக் கேட்டோர் அவ்வாறு வியத்தற்கில்லை.

முல்லைத்தீவும் கற்சிலைமடுவும்

கண்டியின் வெற்றிச் செய்தி கரையோரம் எங்கும் பரவிற்று. அடுத்த வாரங்களிற் கண்டியர் கரையோரப் பகுதிகள் பலவற்றை நெருக்கினர். செப்டெம்பர் தொடக்கத்திற் கண்டி மன்னன் தானே படையுடன் கொழும்புக்கு அண்மையான ஹங்வெல்லவரை வந்தான். ஆங்கிலேயரின் கண்ணும் படையும் தம் தலைநகரின்மேல் இருந்தன. இத்தகைய வேளையிலேயே, கண்டியரின் துணையோடு எழுந்த பண்டாரவன்னியன், ஓகஸ்ட் 25 ஆம் நாள் முல்லைத்தீவைத் தாக்கினான். ஆங்கிலேயக் காவற்படை கோட்டையைக் கைவிட்டுக் கடல்வழியாக யாழ்ப்பாணம் சென்றது. அக்காவற்படைக்குத் தலைவனாயிருந்தவன், பின்னர்க் கற்சிலைமடுவில் வென்ற அந்த வொன் டிரிபேர்க் என்பானே. வன்னியனின் ஆட்கள் வடக்கே ஆனையிறவு வரையும் பரவினர் என்பர்.

இவ்வெற்றிக்கு வீரம் மட்டும் காரணமன்று. காலமும் இடமும் கூடியிருந்தன. ஒல்லாந்தர் காலம் முதல் முல்லைத்தீவுக் கோட்டை கடலையும் களப்பையும் அண்டி நின்றது. அதன் புறத்தே முதிரையும் பாலையும் வீரையும் அடர்ந்த காடு. குளத்தையும் வயலையும் சுற்றிச் சிற்றூர்கள். அவற்றை இணைப்பன ஒற்றையடிப் பாதைகள். அப்பாதைகளை அறிந்தோனுக்குக் காடு திரை. அறியாதோனுக்கு அது சுவர். பகைவரின் பெரும்படை வேறிடத்தில் இருந்ததும், அண்மையில் நின்ற சிறுபடை காட்டினுட் பார்க்க இயலாதிருந்ததும் ஆகிய இரண்டும் சேர்ந்தே வன்னியனுக்கு வாயில் திறந்தன. திசைதிருப்பும் வேலையைக் கண்டிப் போரே செய்து முடித்திருந்தது எனலாம்.

ஆயின் இரவல் வாங்கிய சூழ்ச்சிக்குத் தவணை உண்டு. ஹங்வெல்லவிற் கண்டி மன்னன் தோற்றுப் பின்வாங்கினான். கரையோரத் தாக்குதல்கள் தளர்ந்தன. கொழும்பை நோக்கியிருந்த கண்கள் வடக்கே திரும்பின. யாழ்ப்பாணம், மன்னார், திருக்கோணமலை என்னும் மூன்று இடங்களிலிருந்தும் ஆங்கிலேயப் பிரிவுகள் வன்னிக்குப் புறப்பட்டன. மன்னாரிலிருந்து வந்த பிரிவை வொன் டிரிபேர்க் நடத்தினான். ஒக்டோபர் 31 ஆம் நாள் விடியற்காலையிற் கற்சிலைமடுவில் அவன் பண்டாரவன்னியனை எதிர்பாராது தாக்கி வென்றான்.

மூன்று திசையிலிருந்து வருவோரை ஒரு சிறுபடை ஒருங்கே காத்தல் அரிது. ஒரு வழியை நோக்குவோன் மற்றை இரு வழிகளையும் விடுகின்றான். அவ்வழிகளுள் ஒன்றே உண்மையாயின், ஏனையவை தாமே திசைதிருப்பிகளாகின்றன. மேலும், தன் வரவை மறைத்த காடே பகைவன் வரவையும் மறைத்தது. முல்லைத்தீவில் ஓகஸ்ட் மாதத்தில் ஆங்கிலேயருக்கு நேர்ந்ததே கற்சிலைமடுவில் இரண்டு மாதங்களின் பின் வன்னியருக்கு நேர்ந்தது. காடு எவருக்கும் உறவன்று. விழித்திருப்போனுக்கே அது துணை.

காட்டிக்கொடுத்த கதை

இனித் தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு மீள்வோம். காக்கைவன்னியன் பண்டாரவன்னியனின் குடும்பத்திற் பெண்கொள்ள விரும்பி மறுக்கப்பட்டான், அப்பகையாற் பரங்கியருக்குத் துணைபோனான் என்று வழக்குக் கூறும். வன்னியைச் சேர்ந்த அறிஞர் முல்லைமணி வே. சுப்பிரமணியம் எழுதிய பண்டாரவன்னியன் நாடகமும் பிற ஆக்கங்களும் அம்மாவீரனின் வரலாற்றை மக்கள் உள்ளத்தில் நிலைநிறுத்தின. மேடைக்குத் தீயோன் ஒருவன் வேண்டும். மூன்று திசைப் படைநடத்தை மேடையிற் காட்டுதல் எளிதன்று. கதை அவ்வகையில் தன் கடமையைச் செய்தது, அதிற் குற்றமில்லை.

வரலாற்று மாணவன் கேட்க வேண்டிய வினா வேறு. காட்டிக்கொடுத்தோன் ஒருவன் இல்லாமலே இத்தோல்வியை விளக்க இயலுமா? இயலும் என்பதே விடை. கண்டியின் நெருக்கடி நீங்கியமை, கடலும் கோட்டைகளும் பகைவர் கையில் இருந்தமை, மூன்று வழிப் படைநடை, விடியற்பொழுது ஆகியனவே போதிய காரணங்கள். வழிகாட்டி ஒருவன் இருந்திருப்பினும், அவன் இக்காரணங்களோடு ஐந்தாவதாகச் சேர்வானேயன்றி அவற்றை நீக்கான். அவன் ஒருவனையே முழுக்காரணமாக்கின், ஏனைய நான்கையும் எவரும் ஆராயார்.

தோல்வியைத் துரோகத்தின்மேல் ஏற்றுதலில் ஒருவகை ஆறுதல் உண்டு. நாம் அறிவிற் குறைந்தோமல்லேம், காவலில் அயர்ந்தோமல்லேம், ஒரு தீயவனாற் கெட்டோம் என்று எண்ணுதல் நெஞ்சுக்கு இதம். அவ்விதத்துக்குக் கொடுக்கும் விலையோ பெரிது. தோல்விதோறும் துரோகியைத் தேடும் சமுதாயம், அடுத்த தோல்விக்கு முன்னரே அவனைத் தேடத் தொடங்கும். அயல்வீட்டானை ஐயுறும், மாறுபட்டுச் சொல்வோனை அஞ்சும். கூகைகளின் அவையில் எச்சரித்தவனே வெளியேற நேர்ந்தமை இதனாலன்றோ? ஒற்றுமையைக் குலைத்தல் கூட யுத்தத்தினதும் தூஷ்ணீம் யுத்தத்தினதும் குறிக்கோள். அக்குறிக்கோளைப் பகைவன் உழைப்பின்றியே தாமே நிறைவேற்றிக் கொடுப்போர், ஐயத்தைக் காவல் எனக் கருதுவோரேயாவர்.

அண்மைக் காலச் சான்று

வன்னியின் வடவாயிலான ஆனையிறவு, இதே பாடத்தை அண்மைக் காலத்தில் இருமுறை உணர்த்திற்று. 1991 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அங்குள்ள அரச படைத்தளத்தைத் தமிழீழ விடுதலைப் புலிகள் முற்றுகையிட்டனர். தரைவழியே சூழப்பட்ட தளத்தைக் காக்க, அரச படை கிழக்குக் கரையிலுள்ள வெற்றிலைக்கேணியிற் கடல்வழியாக இறங்கி முன்னேறிற்று. ஓகஸ்ட் மாதத்தில் முற்றுகை நீங்கியது. 2000 ஆம் ஆண்டு மார்ச் 26 ஆம் நாள் இரவு, அதே கிழக்குக் கரையிற் குடாரப்பில் விடுதலைப் புலிகள் கடல்வழியாக இறங்கி, தளத்துக்கு வடக்கே கண்டி வீதியை இத்தாவிலில் மறித்தனர். இயக்கச்சியின் நன்னீர் கைவிட்டுப் போகவே, ஏப்ரல் 22 ஆம் நாட் படையினர் தளத்தைக் கைவிட்டனர்.

இரு தரப்பாரும் ஒரே கரையை ஒரே நோக்குடன் பயன்படுத்தினர். முன்வாயிலை நோக்கி நிற்கும் காவலுக்குப் பின்வாயில் மறந்துவிடுகின்றது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தனக்கு வெற்றி தந்த வழி, பகைவனுக்கும் வழியாகும் என்று நினைத்தல் வென்றோனுக்கு அரிதாகின்றது. இரு நிகழ்ச்சிகளிலும் முடிவைத் தந்தது பேராற்றல் மட்டுமன்று. எதிர்பார்ப்புக்கு மாறான திசையுமாம். ஆனையிறவுத் தளத்தை விழுத்தியது தண்ணீர் என்பதும் ஈண்டு மறக்கற்பாலதன்று.

எல்லை யாது?

சூழ்ச்சி போரில் ஏற்கப்பட்டதாயின், எல்லாப் பொய்யும் ஏற்கத்தக்கதோ எனின், அன்று. பாரதப் போரில் அசுவத்தாமன் என்னும் யானையைக் கொன்று, அசுவத்தாமன் இறந்தான் என்று துரோணரை நம்பச் செய்தனர். அச்சொல் பலித்தமைக்குக் காரணம் அது தருமனின் வாயிலிருந்து வந்தமையே. வாழ்நாளெல்லாம் ஈட்டிய வாய்மையைத் தருமன் ஒரு கணத்திற் செலவிட்டான். நிலத்தைத் தொடாது சென்ற அவன் தேர் அன்று நிலத்திற் படிந்தது என்று இதிகாசம் கூறும். வெற்றி கிடைத்தது, இழந்தது மீளவில்லை.

பெரியபுராணத்து மெய்ப்பொருள் நாயனார் வரலாறு இவ்வெல்லையை இன்னும் கூர்மையாகக் காட்டும். திருக்கோவலூரில் அரசு செய்த அவரைப் போரில் வெல்லமாட்டாத முத்தநாதன், திருநீறு பூசிச் சிவனடியார் வேடந்தாங்கி, ஏட்டுக்கட்டினுள் ஆயுதத்தை மறைத்து உட்புகுந்து குத்தினான். காவலன் தத்தன் வாளோங்கியபோது நாயனார் தடுத்து, அவனைத் தீங்கின்றி ஊரெல்லை கடக்கச் செய்யுமாறு பணித்து, அச்செய்தி கேட்டபின்னரே உயிர்நீத்தார். முத்தநாதன் ஏமாற்றியது ஓர் அரசனை மட்டுமன்று. திருநீற்றின்மேல் உலகம் வைத்த நம்பிக்கையையே அவன் ஆயுதமாக்கினான். அவன் கொல்லப்பட்டிருப்பின், அடுத்து வரும் உண்மை அடியாரையும் காவலர் ஐயுறுவர். வேடத்தின்மேலுள்ள நம்பிக்கை கெடலாகாது என்பதற்காகவே நாயனார் கொலையாளியைக் காத்தார் எனக் கொள்ளுதல் தகும்.

இக்கருத்தையே இக்காலச் சருவதேச சட்டமும் தன் முறையிற் கூறுகின்றது. 1907 ஆம் ஆண்டின் ஹேக் விதிகள் போர்ச் சூழ்ச்சிகளை அனுமதித்தன. வஞ்சித்துக் கொல்லுதலைத் தடுத்தன. செனீவா உடன்படிக்கைகளுக்கு 1977 இற் சேர்க்கப்பட்ட முதலாம் நெறிமுறையின் 37 ஆம் உறுப்புரை இதனை மேலும் விளக்கும். உருமறைப்பு, போலி இலக்கு, பொய்யான படைநகர்வு, தவறான தகவல் என்பன தடுக்கப்பட்டவையல்ல. வெள்ளைக்கொடி காட்டிச் சரணடைவது போல நடித்தல், காயமுற்றோன் போல நடித்தல், குடிமகன் போல நடித்தல் ஆகியவற்றால் நம்பிக்கையூட்டிக் கொல்லுதல் தடுக்கப்பட்டது. காரணம் வெளிப்படை. பொய்ப்படை கண்டு ஏமாந்தோன் மறுமுறை நன்றாகப் பார்ப்பான். பொய்யான வெள்ளைக்கொடியால் ஏமாந்தோன் மறுமுறை மெய்யான வெள்ளைக்கொடியையும் சுடுவான். அப்போது இறப்போன் ஏமாற்றியவனல்லன்.

போரிடுவோரைப் பாதுகாக்கும் நாகரிகம் அன்று இது. போரிடாதோரைப் பாதுகாக்கும் வேலி. 2009 வரை நீண்ட போரின் இறுதி மாதங்களில், ஒடுங்கிக்கொண்டே சென்ற கரையோரத் துண்டொன்றிற் பதுங்குகுழியும் தறப்பாளுமாக வாழ்ந்த வன்னி மக்களுக்கு, இவ்வேலி அறுந்தால் நேர்வது யாது என்பதை நூல்கள் கற்பிக்க வேண்டியதில்லை. எவர் குடிமகன், எது மருத்துவமனை, எது பாதுகாப்பு வலயம் என்னும் சொற்களின்மேலுள்ள நம்பிக்கை கெட்ட இடத்திலே முதலிற் சாவோர் குழந்தைகளும் முதியோரும் நோயாளருமே.

முடிபு

சூழ்ச்சி என்பது பகைவனின் எதிர்பார்ப்பைக் கொண்டு அவனை வெல்லும் கலை. வஞ்சனை என்பது மனிதர் யாவருக்கும் பொதுவான நம்பிக்கையைச் செலவிட்டு ஒருநாள் வெற்றியை வாங்கும் செயல். காட்டிக்கொடுத்தல் சிலவேளை நிகழ்வது; சோர்வோ எப்போதும் அருகில் நிற்பது. 1803 ஆம் ஆண்டு இந்நான்கினுள் மூன்றை ஒரே ஆண்டில் நிகழ்த்திக் காட்டிற்று. ஹங்குராங்கெத்த சூழ்ச்சிக்கும், வட்டாபுளுவ வஞ்சனைக்கும், ஓகஸ்ட் மாத முல்லைத்தீவும் ஒக்டோபர் மாதக் கற்சிலைமடுவும் எதிர்பாராமைக்கும் சான்றாக நிற்கின்றன. நான்காவதை மக்கள் வழக்கு சேர்த்துக்கொண்டது.

பண்டாரவன்னியனின் பெருமைக்குக் காக்கைவன்னியனின் சிறுமை தேவையன்று. பேரரசொன்றின் கவனம் ஒருகணம் விலகிய காலத்தைக் கண்டறிந்து, நிலத்தைத் துணைக்கொண்டு, கோட்டையைக் கைப்பற்றியவன் என்பதே அவன் பெருமைக்குப் போதும். அவனைக் கொண்டாடும் மாணவர், அவன் எவ்வாறு வென்றான் என்பதை அறிதல் போலவே எவ்வாறு தோற்றான் என்பதையும் அச்சமின்றி ஆராய்தல் வேண்டும். தோல்வியைக் கற்கும் சமுதாயமே அதினின்று மீளும்; துரோகியை மட்டும் தேடும் சமுதாயம் தன் அயலவனை இழந்துவிட்டுத் தோல்வியோடு தனித்திருக்கும்.